குழாய்க் கொட்டகை வளைவு

தண்ணீர்த் துறையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பதினேழு'. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். யாராவது ஒருவர் அவர்களைத் துறை மைதானத்தின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சைப் பலகையைக் காட்டுவார். 'ஐயாயிரம் மீட்டர்: 17 நிமிடம் 58 விநாடி.' இருபத்திரண்டு வருடமாக அந்த எழுத்துக்கு மேல் வேறு எழுத்து விழவில்லை. அந்த மைதானத்தில் பதினெட்டு நிமிடத்துக்குக் கீழே இறங்கிய ஒரே கால் அவருடையது.

அந்தக் கால்தான் இப்போது முழங்கால் வரை சாம்பல் நிறக் காலணிக் கூட்டுக்குள் கிடந்தது.

தவறு அவருடையதே. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை வேகமாக ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. வாரத்துக்கு இருபது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரே தாவலில் நாற்பத்தைந்துக்குப் போனார். இடது பாதத்தின் மேல்புறம் வலித்தது. மூன்று வாரம் அந்த வலியோடு குடித்தனம் நடத்தினார். கடைசியில் படம் எடுத்தபோது, இரண்டாவது விரலுக்குப் போகும் நீள எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல்.

மேல்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "கண்ணு பட்டுடுச்சு. இந்த வயசுல தினம் தினம் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு நாலு தெரு ஓடினா பட்டுடாதா?"

"எக்ஸ்ரேல நல்லாத் தேடிப் பாத்தேங்க. கீறல்தான் இருக்கு, கண்ணைக் காணோம்" என்றார் அவர்.

"உங்ககிட்ட பேசறதுக்கு அந்தப் படிக்கட்டுகிட்ட பேசலாம்" என்று அம்மா ஏறிப் போய்விட்டார்.

மருத்துவர் ஆறு வாரம் கூடு போடச் சொன்னார். "ஓடக் கூடாதுன்னுதான் சொன்னேன். படுத்துக்கங்கன்னு சொல்லலை, சரியா? வலி வராத அளவுக்கு நடக்கலாம். மத்த உடம்புக்கு ஒண்ணும் ஆகலை, அதுக்கு வேலை குடுங்க."

அவர் தொழில் வீடு வீடாக நடந்து தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல். அது முடியாதென்று துறை அவரை மீட்டர் சோதனை அறைக்கு மாற்றியது. அலுவலகத்தின் பின்கட்டில், எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்டுத் தரையும், சுவரோரம் நீளமான இரும்பு மேசையும், மேசைக்கு அடியில் அளவுக் கோடு போட்ட தொட்டியுமாக ஒரு அறை. அதை நடத்தியவள் முப்பது வயதுப் பெண். சரியாக ஓடும் மீட்டருக்கு ஈயத்தில் முத்திரை அடித்து அனுப்புவது அவள் வேலை. அதனால் அவளுக்கு 'முத்திரை' என்றே பெயர். ஒன்பது வருடமாக அதே மேசை, அதே சுத்தியல். ஆனாலும் அவள் ஒப்பந்தக் கூலிதான். ஒவ்வொரு வருடமும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, ஏப்ரல் இரண்டாம் தேதி புதிதாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு நாளில் அவள் ஒன்பது வருடமும் அழிந்து போகும். இப்படி ஒரு தந்திரத்தை யோசித்துக் கண்டுபிடித்தவனுக்குச் சாப்பாடு எப்படி இறங்கியது என்று அவர் பல தடவை யோசித்திருக்கிறார்.

அவளும் ஓடுகிறவள். அவர் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

"எந்த எலும்பு அண்ணே?"

"ரெண்டாவது."

"எனக்கு மூணாவது. நாலு வருசம் முன்னாடி. மொதல் வாரம் அழுதேன். ரெண்டாவது வாரம் எங்க வீட்டுக்காரர் 'உன் அழுகையைப் பாக்க முடியலை, ஏதாவது பண்ணித் தொலை'ன்னாரு. அதுலேருந்து உக்காந்துக்கிட்டே ஓட ஆரம்பிச்சேன்."

"உக்காந்துக்கிட்டே எப்படி ஓடறது?"

"கை இருக்குல்ல?"

மூலையில் கழித்துப் போட்ட பித்தளை மீட்டர்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ தேறும். இரண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நாற்காலி நுனியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஓடும்போது வீசுவது போலக் கையை வீச வேண்டும். இரண்டு நிமிடம் வீச்சு, ஒரு நிமிடம் ஓய்வு. ஐந்தாவது சுற்றில் அவருக்கு வியர்த்தது. காயம்பட்ட பிறகு முதல்முதலாக வியர்த்தது அன்றுதான். பழைய நண்பனைத் தெருமுனையில் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. வீட்டில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. நான்காம் வாரத்தில் மருத்துவர் அனுமதித்ததும், கூட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் துண்டை விரித்துக் கால் விரலாலேயே சுருட்டி இழுப்பது. அவர் மனைவி துறை நூலகத்தில் வேலை செய்கிறவர். அதைப் பார்த்துவிட்டு, "துண்டு எடுக்கக் குனிய வேண்டாம்னு கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். கணக்கெடுக்கும் பழக்கம் விடாமல் ஒரு நோட்டும் போட்டார். தேதி, வலி பத்துக்கு எத்தனை, செய்த பயிற்சி. தன்னையே ஒரு மீட்டராக வைத்துத் தினமும் ரீடிங் எடுத்தார். எட்டு, ஏழு, ஏழு, ஐந்து என்று எண் இறங்க இறங்க மனசு ஏறியது.

சோதனை அறையின் சட்டம் எளிமையானது. மீட்டரைக் குழாயில் பொருத்தி, தொட்டியில் நூறு லிட்டர் கோடு வரை தண்ணீர் விட வேண்டும். மீட்டரும் நூறு காட்டினால் முத்திரை. காட்டாவிட்டால் மூலைக் குவியல். கம்பெனிச் சீட்டு, மேலதிகாரி கையெழுத்து, இருபது வருடப் பழக்கம் எதற்கும் அங்கே மதிப்பில்லை.

"யார் சொன்னாலும் நம்பாதீங்க அண்ணே. தண்ணி சொல்லணும்" என்பாள் முத்திரை.

மூன்றாம் வாரம் ஒரு மீட்டர் வந்தது. எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரே பதினொரு வருடம் கணக்கெடுத்த வீடு. அந்த வீட்டுக் கிழவர் ஒவ்வொரு தடவையும் வாசலில் மறிப்பார். "நாங்க ரெண்டே பேர். இவ்வளவு தண்ணி புழங்க நாங்க என்ன யானையா வளக்கறோம்?" இவர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே, "மீட்டர் பொய் சொல்லாதுங்க ஐயா" என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். தொட்டியில் நூறு நின்றது. மீட்டர் நூற்றுப் பதினாறு காட்டியது.

அன்று மத்தியானம் அவரால் சாப்பிட முடியவில்லை. முத்திரை தன் டப்பாவைத் திறந்தபடி கேட்டாள்: "உங்க மேல தப்பா அண்ணே? யாரும் அளந்து பாக்கலை, அவ்வளவுதான்."

அந்தச் சொல் அவரைக் குடைந்தது. அன்றைக்கே பேச்சுவாக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒப்பந்த ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்குகிறார்கள். பெண்களுக்கான வரம்பு, பலகையில் இருக்கும் சாதனையோடு மூன்று நிமிடம் கூட்டினால் வருவது. அதாவது இருபது நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி.

"நீ எவ்வளவும்மா ஓடினே?"

"இருபத்தொண்ணு நாப்பது. அதுக்கு மேல எனக்கு நுரையீரல் இல்லண்ணே. அடுத்த மாசம் கமிட்டி கூடுது, என் காகிதத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. முப்பது ஆயிடுச்சு, இதுதான் கடைசி வாய்ப்பு."

"நம்ம மைதானத்துலயா ஓடினே?"

அவள் சிரித்தாள். "நம்ம மைதானமா? அது உங்க மைதானம். ஒப்பந்த ஆளுங்களை வாசலோட நிறுத்திடுவாங்களே. எங்களுக்குத் தேர்வு நகராட்சி விளையாட்டரங்கத்துலதான். ரப்பர் போட்ட ஓடுபாதை, நல்லாத்தான் இருக்கும். ஆனா பாருங்க, அங்க ஒரு சுத்து முடியவே முடியாது. வெளியிலேருந்து உங்க மைதானத்தைப் பாக்கறப்ப சின்னதாத் தெரியும்."

அவர் கையில் வீசிக்கொண்டிருந்த பித்தளை மீட்டர் அப்படியே நின்றது.

துறை மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று ஐயாயிரம். இது அங்கே காலையில் கிழக்கில் வெளுக்கும் என்பது போன்ற விஷயம். இருபத்தைந்து வருடம் ஓடியிருக்கிறார். யார் அளந்தது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. சாமியாராவது சாத்திரமாவது என்று ஊரெல்லாம் வாதாடுகிற மனிதர், மைதானக் காவலாளி சுண்ணாம்பு வாளியை வைத்துக்கொண்டு கண் மதிப்பில் இழுத்த கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு மனைவியோடு மைதானத்துக்குப் போனார். கூடு போட்ட கால் டொக் டொக்கென்று ஒலித்தது.

"இந்தக் காலோட ஊரை அளக்கக் கிளம்பிட்டாரு" என்றார் மனைவி, நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி.

உள்கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கோட்டோடு கோடாக நாடாவை வளைத்து, முனைக்கு முனை ஆணி குத்திக்கொண்டே போனார்கள். நேர்கோடுகள் இரண்டும் சரியாக நூறு நூறு. வடக்கு வளைவும் நூறு. தெற்கு வளைவில் குழாய்க் கொட்டகை நின்றது. பெரிய வார்ப்பிரும்புக் குழாய்களை அடுக்கத் துறை கட்டிய கொட்டகை. அதன் தூண்கள் மைதானத்துக்குள் நுழைந்திருந்ததால் கோடு அங்கே உள்பக்கமாக ஒதுங்கி, குறுகிப் போயிருந்தது. மொத்தம் பன்னிரண்டு நாடாவும் பதினாறு மீட்டரும். முந்நூற்று எழுபத்தாறு. மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் அதே.

மனைவி நாடாவைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பன்னெண்டரைன்னு நான் எண்ணினது சரி. அதுல என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் அந்தச் சாதனையை ஓடிய நாளில் இவர் மனைவியாக இல்லை. துறைகளுக்கு இடையேயான போட்டியில், ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் சுற்று எண்ண ஒரு ஆளை வைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த, தலைக்கு மேல் குடை பிடித்த பெண். எண் போட்ட சீட்டுக் கட்டிலிருந்து சுற்றுக்கு ஒன்றாகக் கிழித்துத் தகரப் பெட்டியில் போட வேண்டும். எட்டாவது சுற்றில் அவர் அந்தப் பக்கம் பார்த்தபோது, குடை கீழே கிடந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று, உதடு அசைய, அவர் காலடிகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவர் ஓடியது கடிகாரத்துக்காக இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தகரப் பெட்டி வரை ஓடினார். இரவல் வாங்கிய கான்வாஸ் காலணி. அதன் நுனி கிழிந்து கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. கடைசிச் சுற்றின் மணி அவருக்குப் பள்ளிக்கூடம் விட்ட மணி போலக் கேட்டது. இதையெல்லாம் அவர் நூறு பேரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

சொல்லாத ஒன்று இருந்தது. தெற்கு வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் முகத்தில் அடித்த புதுத் தார் வாசனை. அதில் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது அதுதான். இன்றைக்கும் எங்காவது சாலை போட்டால் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார். "உலகத்துல தாரை மோந்து பாக்கற ஒரே ஆள் நீங்கதான்" என்பார் மனைவி.

திங்கட்கிழமை விளையாட்டுச் செயலாளரிடம் போய் அளவைச் சொன்னார். செயலாளர் நல்ல மனிதர். யாரையும் நோகடிக்காமல் அநியாயம் செய்யத் தெரிந்தவர். தேநீர் வரவழைத்தார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, சந்தோஷமாகச் சொன்னார்:

"கவலையே படாதீங்க பதினேழு. கொட்டகை உங்க ஓட்டத்துக்கு அப்புறம் கட்டினது. நீங்க ஓடறப்ப சுத்து முழுசா நானூறு இருந்திருக்கு. உங்க சாதனைக்கு ஒரு பழுதும் இல்லை."

"எப்பக் கட்டினாங்கன்னு கோப்புல இருக்கா சார்?"

"கோப்பு கிடைக்கலை. வெள்ளத்துல போன கட்டுல அதுவும் போயிருக்கும். ஆனா மூத்தவங்க ரெண்டு பேரைக் கேட்டேன். அப்புறம்தான் கட்டினதுன்னாங்க. அவங்களுக்கு உங்க பேர் மேல அவ்வளவு மரியாதை."

"அப்ப பொண்ணுங்க வரம்பு?"

"சாதனை நிக்கிது, வரம்பும் நிக்கிது. அந்தப் பொண்ணைச் சொல்றீங்களா? பாவம்தான். என்ன பண்றது, வேகம் பத்தலையே."

வெளியே வந்து பச்சைப் பலகைக்கு எதிரே நின்றார். வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். பதினேழு பதினேழாகவே இருப்பார். முத்திரை சுத்தியலோடு ஏப்ரல் இரண்டாம் தேதி புதிதாகச் சேருவாள்.

அன்று சாயங்காலம் பாதத்தை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தக் கொட்டகை இருந்துச்சா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"கொட்டகையையா நான் பாத்துக்கிட்டு இருந்தேன்? தெரியலை. ஏன், உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் பாதத்தை வாளியிலிருந்து எடுத்துத் துண்டில் வைத்தார். "இருந்துச்சு" என்றார். "தூணுக்கெல்லாம் அப்பத்தான் தார் பூசியிருந்தாங்க. காயக்கூட இல்லை. கடைசிச் சுத்துல தடுமாறித் தூணைப் பிடிச்சுத் திரும்பினேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி. செயலாளர் தப்பாச் சொல்றாரு."

மனைவியின் கத்தி நின்றது.

"அதுதானா?"

"என்ன அதுதானா?"

"ஓடி முடிச்சதும் நான் கை குடுக்க வந்தேன். நீங்க வெடுக்குன்னு கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டீங்க. எவ்வளவு கூச்சம் பாரு, பொண்ணு கையைத் தொடக்கூட இவ்வளவு பயந்த பிள்ளையான்னு நெனச்சு, அன்னிக்கே எனக்குப் பிடிச்சுப்போச்சு." அவர் கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். "தாராய்யா அது? இருபத்திரண்டு வருசமா ஏமாந்து போயிருக்கேனே!"

"கூச்சமும் இருந்துச்சு" என்றார் அவர். "பாதி கூச்சம், பாதி தார்."

சிரித்து முடித்ததும் மனைவி கேட்டார்: "எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"பேர் போயிடும்."

"எந்தப் பேரு? நீங்க பதினேழுன்னா நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?"

மறுநாள் அவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். அளந்த நாள், நாடாவின் நீளம், கொட்டகைத் தூணின் தார், தன் கையின் கறுப்பு. சாட்சியாக மனைவியின் கையெழுத்து. செயலாளர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நானே காப்பாத்திக் குடுத்தேன். நீங்களே போட்டு உடைக்கறீங்களே."

"நான் ஓடினது நாலாயிரத்தி எழுநூறு மீட்டர் சார். மிச்சம் முந்நூறை நான் ஓடவே இல்லை. ஓடாத முந்நூறு மீட்டர் ஒரு பொண்ணு வழியில குறுக்க நிக்கக் கூடாது."

செயலாளர் காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பார்த்தார். அது அங்கே தங்கவில்லை. பதினேழு அதே கடிதத்தின் நகலைத் தலைமைப் பொறியாளருக்கும், தொழிற்சங்கத்துக்கும், நூலக அறிவிப்புப் பலகைக்கும் கொடுத்திருந்தார். பத்து நாளில் பொறியாளரே கணக்குப் போட்டார். அதே வேகத்தில் ஐயாயிரம் என்றால் பத்தொன்பது நிமிடம் ஏழு விநாடி. வரம்பு இருபத்திரண்டு ஏழு. கமிட்டி கூடியபோது முத்திரையின் இருபத்தொன்று நாற்பது அதற்கு நன்றாக உள்ளே இருந்தது.

நிரந்தர வேலைச் செய்தி வந்த அன்று அவள் சோதனை அறையில் ஒரு மீட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் நூறு கோட்டைத் தொட்டதும் மீட்டரைப் பார்த்தாள். நூறு. ஈயத்தை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம்.

"இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது அண்ணே?"

"பத்தொம்பதுன்னு கூப்பிடு. வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்."

துறையில் பாதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் சாதனை சரிந்ததில் அவர்களுக்கு வருத்தமில்லை. அதோடு அவர்கள் நேரங்களும் நிமிடக்கணக்கில் பெருத்துப் போனதுதான் பொறுக்கவில்லை. பலகை எழுதுகிறவர் பழைய எண்ணைச் சுரண்டிய இடத்தில் பச்சை வேறு மாதிரி தெரிந்தது.

ஏழாவது வாரம் கூடு போய்விட்டது. நோட்டில் வலிக்கு நேராக மூன்று நாளாகச் சைபர். மருத்துவர் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு காலையில் மைதானத்துக்குப் போனார். முத்திரை ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரும் அவளை நிறுத்தவில்லை. மனைவி புல்லில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நூலகத்தின் பழைய சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்தார்.

அவர் ஓடினார். ஓட்டம் என்று சொன்னால் யாராவது சிரிப்பார்கள். இடது பாதம் தரையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசித்தது. தெற்கு வளைவு வந்தது. கொட்டகைத் தூண்களில் துருதான் இருந்தது, வாசனை ஏதும் இல்லை. போகிற போக்கில் கையை நீட்டி அந்தத் தூணைத் தொட்டார். உள்ளங்கை செம்பழுப்பாயிற்று. பின்னாலிருந்து முத்திரை அவரைத் தாண்டிப் போனாள். "வழி, வழி, பத்தொம்பது அண்ணே!"

ஒரு சுற்று முடிந்தது. மனைவி சீட்டைக் கிழித்தார்.

"ஒண்ணு" என்றார். "முந்நூத்தி எழுபத்தாறு."

பிறகு கையை நீட்டினார். அவர் தன் துருப் படிந்த உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தார். மறைக்காமல் அப்படியே கொடுத்தார்.